தஞ்சாவூரில் இருவருக்கு ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணவனும் மனைவியுமாகத் தஞ்சாவூருக்கு ஒரு நாள் பயணம் வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஊரைப் பற்றிய முழு வழிகாட்டி அல்ல இது. ஒரே நாள், இரண்டு பேர், இரண்டு விதமான ரசனை என்ற கணக்கில் எழுதியது. ஏழெட்டு இடங்களைக் குறித்துக்கொண்டு வந்து, எல்லாவற்றையும் கார் கண்ணாடி வழியாகவே பார்த்துவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் மனசு கேட்பதில்லை. காலையில் ஒன்று, மதியம் ஒன்று, மாலையில் ஒன்று. அதற்கு மேல் வேண்டாம் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது.

ஒரே நாளில் எதையெல்லாம் பார்க்க முடியும்?

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்துக் கோயில்கள் மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தி, மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். இதைக் கணக்கில் எடுக்காமல் போடும் திட்டம் எல்லாம் பதினொன்றரை மணிக்கு மேல் குலைந்துபோகும். ஓடிப்போய் நின்றால் கதவு மூடியிருக்கும். அங்கிருந்து அடுத்த ஊருக்கு ஓடினால் அதுவும் மூடியிருக்கும்.

காலை ஆறு, ஆறரைக்குப் பெரிய கோயிலுக்குள் நுழைந்துவிடுங்கள். ஒன்பது, ஒன்பதரைக்கு வெளியே வந்து டிபன். பத்தரைக்கு மேல் அரண்மனையும் கலைக்கூடமும். மதியம் சாப்பிட்டு அறையில் கட்டாயம் ஒரு தூக்கம். நான்கு மணிக்குத் திருவையாறு அல்லது தாராசுரம், இரண்டில் ஒன்று. இரவு ஏழு மணிக்குள் ஊர் திரும்பினால் பெரிய கோயிலை விளக்கொளியில் இன்னொரு முறை பார்க்கலாம். நடை சாத்த எட்டரை ஆகும்.

மூன்று சோழர் கோயில்களையும் ஒரே நாளில் முடித்துவிடலாமா?

முடிக்கலாம், பார்க்க முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலை யுனெஸ்கோ 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2004-இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் அதே பட்டியலில் சேர்ந்தன. மூன்றும் ஒரே பெயரின் கீழ் வருவதால் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் என்று நினைத்து வருகிறார்கள். தாராசுரம் கும்பகோணத்தை ஒட்டி இருக்கிறது, தஞ்சையிலிருந்து கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். கங்கைகொண்ட சோழபுரம் அதற்கும் அப்பால், கொள்ளிடத்தைத் தாண்டி, இன்னொரு 35 கிலோமீட்டர். மூன்றும் வேண்டுமென்றால் இரண்டு நாள் ஒதுக்கி, இரண்டாம் நாள் இரவைக் கும்பகோணத்தில் கழியுங்கள்.

எப்படி வந்து சேருவது வசதி?

சென்னையிலிருந்து என்றால் எழும்பூரில் இரவு ஏறி விடியற்காலையில் இறங்கும் உழவன் எக்ஸ்பிரஸ். கோவைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு மன்னார்குடி போகும் செம்மொழி எக்ஸ்பிரஸ், அதுவும் இரவு வண்டிதான். முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கிறது; சனி, ஞாயிறுக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும். விமானத்தில் வருவதானால் திருச்சியில் இறங்கி ஒன்றரை மணி நேரம் சாலைவழி.

விடியற்காலையில் இறங்குகிறவர்கள் விடுதியிடம் முன்கூட்டியே பேசி, காலை ஐந்தரைக்கு அறை கிடைக்குமா என்று கேட்டு வைப்பது நல்லது. முகம் கழுவி உடை மாற்றாமல் ஒரு நாளைத் தொடங்கினால் பத்து மணிக்கெல்லாம் இருவரில் ஒருவர் களைத்துவிடுவார். ரயில் நிலையத்திலிருந்து கோயில் இரண்டு கிலோமீட்டர் அளவுதான்.

பெரிய கோயிலில் எங்கே தொடங்குவது?

நேரே விமானத்தை, அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரத்தை, நோக்கி நடக்காதீர்கள். எல்லோரும் செய்வது அதுதான்; 216 அடி உயரம் இழுக்கிறது, கால் தானாகப் போகிறது. அதற்கு முன்னால் இரண்டு சோழர் வாயில்கள் இருக்கின்றன. முதலாவது கேரளாந்தகன் திருவாயில், சேரனை வென்ற நினைவாக வைத்த பெயர். அடுத்தது இராசராசன் திருவாயில். இரண்டாவது வாயிலில் கால் மணி நேரம் நில்லுங்கள்.

அதன் இருபுறமும் நிற்கும் துவாரபாலகர்கள் ஆளுயரத்தைவிடப் பல மடங்கு பெரியவர்கள். காலடியைக் கூர்ந்து பாருங்கள்: ஒரு பாம்பு, அதன் வாய்க்குள் பாதி போய்விட்ட ஒரு யானை. யானையை விழுங்கும் பாம்பு அவர் பாதத்தருகே சிறு பூச்சி போலத் தெரிகிறது என்றால் அந்தக் காவலர் எவ்வளவு பெரியவர், அவர் காக்கும் உள்ளிருப்பவர் எவ்வளவு பெரியவர் என்று நம்மையே கணக்குப் போட வைக்கிறான் சிற்பி. அதே வாயிலின் அடித்தளத்தில் முழங்கால் உயரத்தில் சிறு சிறு கதைச் சிற்பங்கள் ஓடுகின்றன. மார்க்கண்டேயன் கதை இருக்கிறது, அருச்சுனன் பாசுபதம் பெறும் கதை இருக்கிறது, சிவன் பார்வதி திருமணமும் இருக்கிறது. குனிந்து தேட வேண்டும். இருவரில் யார் முதலில் திருமணக் காட்சியைக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று பாருங்கள்.

அதன் பிறகு நந்தி. ஏறக்குறைய 12 அடி உயரம், ஒரே கல். இது இராசராசன் காலத்தது அல்ல, நாயக்கர் காலத்தது. அம்மன் சன்னதி பாண்டியர் காலத்தில் வந்தது. வடமேற்கில் இருக்கும் முருகன் சன்னதியும் நாயக்கர் வேலைதான். நுணுக்கமான செதுக்கலில் அதற்கு இணையானது இந்த வளாகத்திலேயே வேறில்லை என்பேன். சுற்று மண்டபத்தில் மராட்டிய போன்சலே குடும்ப வரலாற்றை இரண்டாம் சரபோஜி 1803-இல் மராத்தியில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். சோழர், பாண்டியர், நாயக்கர், மராட்டியர் என்று வந்தவர்கள் எல்லோரும் முன்னவர் கட்டியதை இடிக்காமல் பக்கத்தில் ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போன இடம் இது.

கல்வெட்டுகளைப் படிக்கத் தெரியாது. சும்மா கடந்து போவதா?

கடந்து போகாதீர்கள். எழுத்து புரியாவிட்டாலும் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு அருகில் நின்றால் போதும், கல் பேச ஆரம்பித்துவிடும்.

விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் நீண்ட வரிகளில் இராசராசனின் ஆணை இருக்கிறது. தான் எடுப்பித்த இந்தக் கற்கோயிலுக்கு ‘நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்’ கல்லிலே வெட்டுக என்கிறான். அக்கன் என்பது குந்தவை. பெண்டுகள் என்பது அரசியர். நாட்டையே ஆண்டவன், தன் கொடைக்குப் பிறகு அக்காவையும் மனைவியரையும் சொல்லி, அதன் பின் யார் யாரோ கொடுத்த சிறு கொடைகளையும் விட்டுவிடாமல் எழுதச் சொன்னது எனக்கு அந்த விமானத்தைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது. தளிச்சேரிப் பெண்டுகள் என்ற ஆடல்மகளிர் 400 பேரின் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எந்த வீடு என்பதுவரை கல்லில் இருக்கிறது. கட்டிய தச்சனின் பெயரும் இருக்கிறது: குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன்.

கலசத்தைக் கொடுத்த நாளும் பதிவாகியிருக்கிறது. அரசனின் ஆட்சியாண்டு 25, அதில் 275ஆம் நாள், ஆண்டு 1010. தேதியும் கையொப்பமும் போட்டு ஒப்படைத்த கட்டிடம் என்றே சொல்லலாம்.

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்கிறார்களே?

விழும். காலை ஏழு மணிக்கு மேற்குப் பிராகாரத்தில் நின்று பாருங்கள், நீளமாகக் கிடக்கும். மாலையில் கிழக்கே விழும். மேலே போகப் போகக் குறுகும் வடிவம் என்பதால் உச்சி வெயில் நேரத்தில் நிழலின் பெரும்பகுதி தன் மேலேயே படிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் வந்து பார்த்தவர்கள் சொன்னது கதையாகிவிட்டது. உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக்கல் என்பதும் அப்படித்தான். பல துண்டுகளாகச் செதுக்கிப் பொருத்தியது என்பதே ஆய்வாளர்கள் சொல்வது. சுற்றுவட்டாரத்தில் பாறையே இல்லாத வண்டல் பூமியில், இத்தனை கருங்கல்லையும் எங்கிருந்தோ இழுத்து வந்து பதின்மூன்று நிலை அடுக்கினார்கள் என்ற உண்மையே போதுமானது. அதற்கு மேல் ஒரு மாயம் தேவையில்லை.

சோழர் ஓவியங்களைப் பார்க்க முடியுமா?

நேரில் முடியாது. கருவறையைச் சுற்றிய உள்சுற்றுப் பாதையில் இருக்கின்றன. பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் மறைந்திருந்தவற்றை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி என்ற பேராசிரியர் கண்டுபிடித்தார். சுந்தரர் கதையும் திரிபுரம் எரித்தவரும் அங்கேதான் இருக்கிறார்கள். வளாகத்திலேயே தொல்லியல் துறையின் விளக்க மையத்தில் படங்களாகப் பார்க்கலாம். பலர் அங்கே நுழையாமலே போய்விடுகிறார்கள்.

கால் சுடுமா?

பத்து மணிக்கு மேல் நன்றாகவே சுடும். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், வளாகம் முழுக்கக் கல்லும் செங்கல்லும். நடைபாதையில் விரிப்பு போட்டிருப்பார்கள், ஆனால் நீங்கள் பார்க்க விரும்பும் சிற்பம் விரிப்பை விட்டுத் தள்ளித்தான் இருக்கும். காலையில் வரச் சொல்வதற்கு இதுவும் காரணம். மற்றொன்று: செருப்பு டோக்கனை யார் வைத்திருக்கிறீர்கள் என்று உள்ளே போகும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அவருக்குச் சிற்பம் என்றால் உயிர், எனக்கு அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. என்ன செய்வது?

அதிகம் வரும் கேள்வி இது. பாதி நேரம் கேட்பது மனைவி, பாதி நேரம் கணவன். ஒருவர் இன்னொருவரை இழுத்துக்கொண்டு சுற்ற வேண்டும் என்று எந்த நியமமும் இல்லை. நந்தி மண்டபத்திலிருந்து விமானம் வரை சேர்ந்து பாருங்கள். பிறகு ஒரு மணி நேரம் தனித்தனியே. சிற்பம் வேண்டியவர் சிற்பத்தோடு இருக்கட்டும். மற்றவர் சுற்று மண்டபத்தின் நிழலில் தூணில் சாய்ந்து உட்காரட்டும். அந்த மண்டபத்தில் காலைக் காற்றில் உட்கார்ந்திருப்பதும் இந்தக் கோயிலைப் பார்ப்பதுதான். கிளிகள் விமானத்தின் பொந்துகளில் போய் வந்துகொண்டிருக்கும், குருக்கள் குடத்தோடு கடப்பார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். எத்தனை மணிக்கு, எந்தத் தூண் அருகே சந்திப்பது என்பதை மட்டும் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள்.

பிரச்சினை வருவது ரசனையால் அல்ல, பசியால். ஆறு மணிக்கு எழுந்து ஒன்பதரை வரை வெறும் வயிற்றில் நடந்தால் யாருக்கும் கோபம் வரும். பையில் வாழைப்பழமும் தண்ணீரும் இருக்கட்டும்.

மதியம் அரண்மனைக்குப் போவது அவசியமா? அங்கே என்ன இருக்கிறது?

கட்டிடத்துக்காக என்றால் தர்பார் மண்டபத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். நான் போகச் சொல்வது உள்ளே இருக்கும் கலைக்கூடத்துக்காக. 1951-இல் தொடங்கியது. சோழர் செப்புத்திருமேனிகள் என்ற பேச்சு வந்தால் உலகத்தில் எங்கிருந்தாலும் முதலில் சொல்லப்படும் சில உருவங்கள் இங்கே, ஒரு மின்விசிறியின் கீழ், கூட்டமே இல்லாமல் நிற்கின்றன.

திருவெண்காட்டிலிருந்து வந்த இடபவாகன தேவரைத் தேடிப் போங்கள். சிவன் ஒரு காலை லேசாக மடித்து, இடுப்பை ஒருக்களித்து நிற்கிறார். வலக்கை காளையின் மேல் சாய்ந்திருக்கிறது, காளையைத்தான் காணோம். அது எப்போதோ தொலைந்துவிட்டது. ஆனால் அந்தக் கை படிந்திருக்கும் விதத்தில், விரல்கள் தளர்ந்து தொங்கும் விதத்தில், காளை அங்கே இருப்பது தெரிகிறது. தலையில் சடையைப் பாம்புகள் பின்னிய தலைப்பாகை போலச் சுற்றியிருக்கிறார். பின்பக்கம் போய்ப் பாருங்கள்: முதுகின் தசை, இடுப்பு உடையின் மடிப்பு எல்லாம் முன்பக்கத்துக்குக் குறையாத கவனத்தோடு செய்திருக்கிறார்கள். இந்தத் திருமேனி 1011-இல் செய்யப்பட்டது. அருகில் நிற்கும் உமை அடுத்த ஆண்டு, 1012-இல் வந்தாள். ஓராண்டு தனியாக நின்றவருக்குத் துணை வந்த கதை என்று நினைத்துக்கொண்டு அந்த இருவரையும் பாருங்கள், இடைவெளியே வேறு மாதிரித் தெரியும்.

அதே திருவெண்காட்டிலிருந்து வந்த கல்யாணசுந்தரர் தொகுதியும் இங்கேதான். சிவன் பார்வதியின் கையைப் பிடிக்கிறார். அவள் தலை தாழ்ந்திருக்கிறது. பெண்ணைத் தாரைவார்க்கும் திருமால் பக்கத்தில். நம் வீட்டுக் கல்யாணங்களில் பாணிக்கிரகணம் நடக்கும்போது போட்டோக்காரர் கத்துவார், சொந்தக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள், கையைப் பிடித்த கணம் இருவருக்குமே நினைவிருக்காது. அந்தக் கணத்தை மட்டும் தனியே எடுத்து ஆயிரம் ஆண்டு வைத்திருக்கிறார்கள் இங்கே. தம்பதிகள் நிதானமாக நிற்க வேண்டிய இடம் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

சரசுவதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகம் சிறியது. அரை மணி நேரம் போதும். மனித முகத்தையும் விலங்கு முகத்தையும் ஒப்பிட்டு வரைந்த சார்லஸ் லெ புரூனின் படங்கள், சரபோஜி மன்னர் காலத்துக் கண் நோயாளிகளைப் பற்றிய பதிவுகள் ஆகியவை வேறெங்கும் எளிதில் பார்க்கக் கிடைக்காதவை. சிற்பத்தில் ஆர்வம் இல்லாதவருக்கு இந்த அறை பிடித்துப்போகும். தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தின் எலும்புக்கூடும் அரண்மனையில் இருக்கிறது.

சாப்பாடு?

காலையில் இட்லிக்குக் கடப்பா கிடைக்கிறதா என்று கேளுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு, தேங்காயும் பட்டை சோம்பும் அரைத்துவிட்டுச் செய்வது. இந்தப் பக்கத்துக்கே உரியது. எல்லா ஓட்டல்களிலும் எல்லா நாளும் இருக்காது. மதியம் இலைச் சாப்பாடு, ஆனால் தூக்கம் கண்ணைச் சுழற்றும் என்பதால் அதன் பிறகு எந்த இடத்தையும் வைத்துக்கொள்ளாதீர்கள். திருவையாறு போனால் அசோகா வாங்குங்கள். பாசிப்பருப்பில் செய்வது, சூடாக இலைத் துண்டில் வைத்துக் கொடுத்தால்தான் அதன் ருசி. டப்பாவில் கட்டிக்கொண்டு போய் மறுநாள் தின்றால் பாதி போய்விடும்.

மாலையில் திருவையாறா, தாராசுரமா?

இருவரில் ஒருவருக்காவது சிற்பப் பித்து இருந்தால் தாராசுரம். இரண்டாம் இராசராசன் 12ஆம் நூற்றாண்டில் கட்டியது. முன் மண்டபத்தையே குதிரை பூட்டிய தேராகச் செய்திருக்கிறார்கள். ஒரே தலையில் யானையும் காளையும் தெரியும் சிற்பம் இருக்கிறது: ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. நாயன்மார் கதைகள் விரல்நீள உருவங்களாகக் கருவறைச் சுவரின் அடியில் ஓடுகின்றன. ஆனால் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர ஒரு மணி நேரத்துக்கு மேல். இரவு ரயில் பிடிக்க வேண்டியவர்கள் கும்பகோணத்திலேயே ஏறிக்கொள்வது போலத் திட்டமிடுங்கள். உழவன் அந்த வழியாகத்தான் போகிறது.

மற்ற எல்லோருக்கும் நான் சொல்வது திருவையாறு. தூரம் பதின்மூன்று கிலோமீட்டர் அளவுதான், அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டுகிறீர்கள். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். இடைப்பட்ட மாதங்களில், குறிப்பாக ஆகஸ்டுக்கு மேல் வந்தால் ஒவ்வொரு பாலத்தின் கீழும் தண்ணீரும் இருபுறமும் பச்சை வயலும் இருக்கும்.

ஐயாறப்பர் கோயில் வளாகத்துக்குள் வட கைலாயம் என்ற சிறு கோயில் இருக்கிறது. இராசராசனின் பட்டத்தரசி உலோகமாதேவி எடுப்பித்தது. கணவன் தஞ்சையில் வானத்தை முட்டக் கட்டினான்; அவள் ஆற்றங்கரையில் ஆளை அச்சுறுத்தாத அளவில் ஒன்றைக் கட்டினாள். காலையில் அதையும் மாலையில் இதையும் பார்க்கும் தம்பதிகளுக்கு இந்த நாள் தானாகவே ஒழுங்காக அமைந்துவிடுகிறது. கைலாயம் காணப் புறப்பட்டு உடல் தேய்ந்த அப்பர், வடக்கே ஒரு குளத்தில் மூழ்கி இந்த ஊர்க் குளத்தில் எழுந்தார் என்பது தல வரலாறு. எழுந்தவர் கண்ணில் பட்டதெல்லாம் சோடி சோடியாக வந்தது: யானை தன் பிடியோடு, கோழி தன் பெடையோடு, குயில், மயில். அந்த இணைகளிலேயே சிவனையும் சக்தியையும் கண்டதாகப் பாடியிருக்கிறார். குளக்கரையில் உட்கார்ந்து இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள். பிறகு காவிரிக் கரையில் தியாகராசர் சமாதி. கச்சேரிக் கூட்டம் ஆராதனை நடக்கும் ஜனவரி வாக்கில்தான். மற்ற நாட்களில் படித்துறையில் ஆற்றுச் சத்தம் மட்டும்.

கோயிலில் கைகோத்து நடக்கலாமா?

கை பிடித்து நடப்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை. படி ஏறும்போதும் கூட்டத்திலும் எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். தோளில் கை போட்டுக்கொண்டு நிற்பதெல்லாம் சாமி சன்னதியில் வேண்டாம். வழிபாடு நடக்கும் கோயில் இது, பக்கத்தில் வேண்டுதலோடு ஒருவர் கண்மூடி நிற்பார். உடையும் அதே எண்ணத்தோடு: ஆண்கள் அரைக்கால் சட்டை தவிர்க்கவும், பெண்கள் புடவையோ சுடிதாரோ.

போட்டோ?

வெளிப் பிராகாரத்தில் செல்போனில் எடுக்கலாம், சன்னதிக்குள் கூடாது. முக்காலி, ட்ரோன், திருமணப் படப்பிடிப்பு போன்றவற்றுக்குத் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும். இருவரும் விமானமும் ஒரே படத்தில் வர வேண்டுமானால் நந்தி மண்டபத்தின் தெற்கே தள்ளிப் போய், எடுப்பவரைத் தரையோடு உட்காரச் சொல்லுங்கள். ஏழு மணி வெயில் மஞ்சளாகக் கல்லில் படும் நேரம் அதற்கு உகந்தது.

திருமணமாகாத ஜோடிக்கு அறை தருவார்களா?

வயது வந்த இருவர் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் இல்லை. சென்னை உயர் நீதிமன்றமும் 2019-இல் இதைச் சொல்லியிருக்கிறது. ஆனால் விடுதிகள் தங்களுக்கென்று விதி வைத்திருக்கின்றன. வந்து வாசலில் நின்று வாதாடுவதைவிட, பதிவு செய்யும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். யாராக இருந்தாலும் இருவரின் அடையாள அட்டையும் வேண்டும். ஒருவருடையது மட்டும் போதும் என்று நினைத்து வந்து திண்டாடும் தம்பதிகள் நிறைய.

மாமனார், மாமியாரும் கூட வருகிறார்கள். திட்டத்தை மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டும். காலை நேரத்தைக் கூட்டி, மதியத்தைக் குறையுங்கள். வயதானவர்களுக்குப் பெரிய கோயிலில் தரிசனம்தான் முக்கியம். கருவறைக்கு ஏறும் படிகள் உயரமானவை, கைப்பிடித்து ஏற்ற ஒருவர் வேண்டும். அவர்களை ஒன்பது மணிக்கு அறையில் விட்டுவிட்டு நீங்கள் இருவரும் கலைக்கூடத்துக்குப் போய் வாருங்கள், மாலை திருவையாறுக்கு எல்லோருமாகப் போகலாம். அவர்களும் ஓய்வெடுத்த தெம்போடு வருவார்கள், உங்களுக்கும் ஒரு மூன்று மணி நேரம் கிடைக்கும்.

புதிதாகத் திருமணமானவர்கள் பெரிய கோயிலுக்குப் போகக் கூடாது என்று ஒருவர் சொன்னார்.

அப்படி எதுவும் இல்லை. பிரதான வாயில் வழியாகப் போனால் பதவி போகும் என்று அரசியல்வாதிகளைப் பற்றி ஒரு நம்பிக்கை உலவுகிறது. அதை யாரோ நீட்டியிருக்கிறார்கள். தாராளமாகப் போய் வாருங்கள்.

என்ன வாங்கலாம்?

தலையாட்டி பொம்மையில் ராஜா ராணி சோடி. கையில் எடுத்துச் சாய்த்துவிட்டு, தானாக நேரே நிமிர்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நெட்டி என்ற நீர்ச்செடியின் தண்டில் செய்த கோயில் உருவங்களும் அழகு. 2020-இல் புவிசார் குறியீடு பெற்றவை. நெட்டி மிக லேசானது, அழுத்தினால் நசுங்கும், கைப்பையில் திணிக்காமல் தனியே எடுத்துப் போக வேண்டும். தஞ்சாவூர் ஓவியம் வாங்குவதானால் அவசரம் வேண்டாம். ஒட்டியிருப்பது தங்க இழையா, வெறும் பளபளப்புத் தாளா என்பதைக் கடைக்காரரிடம் நேரடியாகக் கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறு கடை. நிச்சயமில்லை என்றால் அரசின் பூம்புகார் விற்பனை நிலையம் இருக்கிறது.

எந்த மாதம் நல்லது?

டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. நாள் முழுக்கக் கொட்டும் என்றில்லை, ஆனால் தாராசுரம் தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதால் மழைக்குப் பின் சுற்றிலும் தண்ணீர் நிற்கும். ஏப்ரல், மே வெயில் இந்தக் கல்தரைக்குச் சரிப்படாது.

பிரதோஷத்தன்று வரலாமா?

சாமி கும்பிட வருகிறீர்கள் என்றால் அன்றுதான் வர வேண்டும். மாலை நான்கரைக்கு மேல் அந்தப் பெரிய நந்திக்குப் பாலும் மஞ்சளும் சந்தனமும் குடம் குடமாக ஊற்றுவதைப் பார்ப்பது ஒரு பெரும் அனுபவம். சிற்பமும் கல்வெட்டும் பார்க்க வருகிறீர்கள் என்றால் அன்று மாலையைத் தவிருங்கள், நிற்க இடம் இருக்காது. ஐப்பசி சதயத்தில் இராசராசன் பிறந்தநாள் விழா, அதுவும் அப்படித்தான்.

செலவு எதில் அதிகம் ஆகும்?

காரில்தான். பெரிய கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அரண்மனையில் கலைக்கூடம், தர்பார் மண்டபம் எனத் தனித்தனிச் சீட்டு இருக்கும், பெரிய தொகை இல்லை. தஞ்சைக்குள் ஆட்டோவே போதும். ஏறும் முன் காத்திருப்பு உட்பட எவ்வளவு என்று பேசிவிடுங்கள். திருவையாறுக்குப் பழைய பேருந்து நிலையத்திலிருந்து அடிக்கடி பேருந்து இருக்கிறது. ஜன்னலோரம் இருவருக்கும் இடம் கிடைத்தால், அந்த ஐந்து பாலங்களையும் பார்க்கக் காரைவிடப் பேருந்தே மேல்.

மாலையில் திருவையாறு போக முடியாமல் மழை பிடித்துக்கொண்டால்?

பெரிய கோயிலுக்கே திரும்பிப் போங்கள். சுற்று மண்டபத்தில் மழை படாது. காலையில் நேரமில்லாமல் விட்ட முருகன் சன்னதியை அப்போது பாருங்கள். தூணில் கொடி சுற்றும் இடத்தில் விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டுச் செதுக்கியிருப்பார்கள், ஈரக் கல்லில் அது இன்னும் தெளிவாகத் தெரியும். தரை வழுக்கும், புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு மெல்ல நடக்கவும்.